வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்

செய்தித்தாளில் ‘நட்பு நாடு’ என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பருத்திக்கொட்டை வாசம் வரும். வெளியுறவு நிபுணர்கள் யாருக்கும் இப்படி வருவதாகத் தெரியவில்லை. அவர்கள் யாரும் விளாங்குடியில் குடியிருந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே பெரியப்பா வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். மதுரைக்குள் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை. மனிதர்கள் எப்போது சாவார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்கிற இடம் அது. சிரிக்கப் பழகாவிட்டால் அங்கே குப்பை கொட்ட முடியாது. பெரியப்பா உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, திண்டுக்கல் ரோட்டோரம் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு விற்கிற மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு.

அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. வடக்கே ஒரு விமானத் தொழிற்சாலையில் எஞ்சின் பிரிவில் இருந்தார். சிறு வயதில் உசிலம்பட்டிக் கிணறுகளில் பம்புசெட் மக்கர் பண்ணினால் அதன் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்பார். அந்தக் காதே அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோயிருந்தது. ரஷ்யாக்காரர்களின் போர் விமானத்துக்கான எஞ்சினை அவர்கள் அனுமதியோடு இங்கேயே செய்கிற தொழிற்சாலை அது. நட்பு நாடு ஆயிற்றே, வரைபடம் கொடுத்தார்கள், ஆள் அனுப்பினார்கள், விருந்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு பெட்டியை மட்டும் ஈயமுத்திரை வைத்து மூடியே அனுப்புவார்களாம். அதை அப்படியே எஞ்சினில் மாட்ட வேண்டும், திறக்கக் கூடாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து அண்ணன் என்னிடம் சொன்ன ஒரே தொழில் சமாசாரம் இதுதான். “உள்ள என்னண்ணே இருக்கும்?” என்று கேட்டேன். “மூடியிருந்துச்சுன்னு சொல்றேன்ல?” என்றார்.

நான் விளாங்குடியில் இருந்த அந்த வருடம் தொழிற்சாலையில் புது எஞ்சின் வரப்போகிறது என்று ஆயிற்று. சிலரைப் பொறுக்கி ரஷ்யாவுக்கே பயிற்சிக்கு அனுப்புவதாக முடிவு. அண்ணன் பெயர் பட்டியலில் இருந்தது. போய் வந்தால் புது எஞ்சினில் கை வைக்கலாம். போகாதவனுக்கு அது இருக்கிற கட்டடத்துக்குள் நுழையவே அனுமதி கிடையாது. பழைய எஞ்சினை நிறுத்தப்போகிறார்கள். ஆக, ஒன்று ரஷ்யா, இல்லாவிட்டால் எஞ்சினுக்கே கும்பிடு. இது அண்ணனுக்குத் தெரியும். எனக்குக்கூட ஓரளவு தெரியும். பெரியப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் மகன் பிளேனில் வேலை பார்க்கிறான் என்பது மட்டும்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் வீட்டார் முறைப்படி வருவதற்கு முன்னால், ரகசியமாக ஒருவரை அனுப்பி மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பார்கள். வருகிறவர் தான் எதற்கு வந்தேன் என்று வாயைத் திறக்க மாட்டார். கறவை மாடு விலைக்கு இருக்கிறதா என்பார், வாடகைக்கு வீடு இருக்கிறதா என்பார். பேச்சோடு பேச்சாக, ‘அந்த வீட்டுப் பையன் எப்படி?’ என்று ஒரு தூண்டில் போடுவார். கேட்கப்படுகிறவருக்கு அந்த நொடியே விஷயம் புரிந்துவிடும். ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அது மரியாதைக் குறைவு. மாட்டையும் வீட்டையும் பற்றியே பேசிக்கொண்டு, இடையிடையே பையனை வானத்துக்குத் தூக்கிவிட வேண்டும். தெருவில் எவனாவது ஒருவன் உண்மையைச் சொல்லிக் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டால், அவன் பேரன் காலம் வரைக்கும் அந்த வீட்டு விசேஷத்தில் அவனுக்குப் பந்தியில் இடம் கிடைக்காது. எனவே எங்கள் தெரு நன்றாகப் பழக்கப்பட்ட தெரு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடைக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் குடை. டீக்கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: “இங்கிட்டு வாடகைக்கு வீடு ஏதும் இருக்குமாண்ணே?”

“எத்தன பேருக்குண்ணே?”

“சின்னக் குடும்பந்தான். ஆமா, அந்தத் தீவனக் கடைக்காரரு எப்படி? மகன் ஒருத்தரு வடக்க இருக்காராம்ல?”

டீக்கடைக்காரர் அதற்கு மேல் டீ ஆற்றவில்லை. பாய்லரை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக எங்கள் கடைக்கு ஓடி வந்தார். பெரியப்பா பனியனோடு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, வந்தாச்சு. மொதல்ல சட்டையப் போடுங்க.”

“எங்க இருந்துப்பா?”

“அதச் சொல்லுவாரா? வீடு கேக்குறாரு. ஆளப் பாத்தா பெரிய எடந்தான் மாமா.”

அடுத்த அரை மணியில் பெரியம்மா வளர்த்த சேவல் ஒன்று குழம்புக்குள் போயிற்று. வந்தவர் அப்படி இப்படித் தெருவைச் சுற்றிவிட்டு, தற்செயலாக வருவதுபோல் எங்கள் கடைக்கு வந்தார். பெரியப்பாவும் தற்செயலாகச் சலவைச் சட்டை போட்டிருந்தார். வீடு எதுவும் காலியில்லை என்றும், அதற்காகச் சாப்பிடாமல் போக முடியுமா என்றும் சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போய் இலை போட்டார்.

குடும்பத்தில் படித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. தல்லாகுளத்தில் ஒரு வாடகை நூலகத்தில் இருந்த ஆங்கில உளவுக் கதைகளை ஒன்று விடாமல் முடித்திருந்தேன். உளவாளி எந்த ஊரில் எந்தக் கோட்டு போடுவான் என்றெல்லாம் கேட்டால் சொல்லுவேன். அப்பேர்ப்பட்ட நான், எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் அப்போது பேச்சில் அடிபட்ட எழுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு மாமாவாக இருக்கக்கூடும் என்பது என் துப்பறிவு.

“தம்பி லீவுல வந்தா வேலையப் பத்தியெல்லாம் பேசுவாராய்யா?” என்று கேட்டார் அவர், எலும்பைக் கடித்துக்கொண்டே.

“பேசுறதாவா? எங்கிட்ட மறைக்கிற பழக்கமே அவனுக்குக் கெடையாதுங்க,” என்றார் பெரியப்பா. “அந்த எஞ்சின்ல எம்புட்டு நட்டு, எங்கிட்டு எண்ண போகுது, எங்கிட்டு நெருப்பு வருது, அம்புட்டும் சொல்லிருவான். சில நேரம் எனக்கே போதும்ப்பான்னு ஆயிரும்.”

“ரஷ்யாக்காரங்க நெறையப் பேரு இருக்காங்களாமே அங்க?”

“இவன் இல்லாம அவய்ங்களுக்குச் சோறு எறங்காது. ஒருத்தன் பொங்கலுக்கு இங்க வாரேன்னு ஒத்தக் கால்ல நின்னான். நாந்தேன், வீட்ட வெள்ளையடிக்கணும், அடுத்த வருசம் கூட்டிட்டு வாப்பான்னேன்.”

அடுப்படியிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். “படம் வரையுறதச் சொல்லுங்க!”

“ஆமா, அத மறந்துட்டேன் பாருங்க. எந்த மிசினையும் ஒரு தடவ பாத்தாப் போதும். வீட்டுக்கு வந்து அச்சு அசலா வரஞ்சு வச்சிருவான்.”

“வரஞ்சத யாருக்கும் காட்டுவாரோ?”

“கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டான். தங்கமான கொணம்.”

வந்தவர் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார். பெண்ணின் மாமா மனம் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தோம். பெரியப்பா சந்தோஷத்தில், பையனுக்குத் தண்ணி, சீட்டு, பீடி எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கு அந்த வீட்டில் பேசியதில் கலப்படம் இல்லாத உண்மை அது ஒன்றுதான். அதை அவர் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. ரசத்துக்கு இன்னொரு கை சோறு வாங்கிக்கொண்டார். போகும்போது பெரியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். தெரு முழுக்க ஏதோ வேலையாக வாசலில் நின்று அவரை வழியனுப்பியது.

பெண் வீட்டிலிருந்து பதில் வரும் என்று காத்திருந்தோம். சில வாரம் கழித்து வந்தது ஒரு டிரங்க் கால். பக்கத்து மருந்துக் கடையில்தான் போன் இருந்தது. கடைக்காரருடையது எப்போதோ குஜராத்திலிருந்து வந்து மதுரைக்காரர்களாகிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பேச்சு தனி. ரகசியம் பேச அவர்களுக்கு இருந்த வசதி எங்களுக்கு இல்லை. நாங்கள் தமிழில், அதுவும் டிரங்க் காலில், தொண்டை கிழியக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“வீட்டுக்கு யாராச்சும் வந்து விசாரிச்சாங்களாடா?” என்றார் அண்ணன். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

“வந்தாங்கண்ணே! பொண்ணு வீட்டுல இருந்து!”

“எந்தப் பொண்ணு?”

“அதச் சொல்லல! வீடு கேட்டு வந்தாரு! பெரியப்பா ஒன்னையப் பத்தி ஏகப்பட்டது சொல்லியிருக்காரு!”

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து மேலும் கத்தினேன். “நீ ரஷ்யாக்காரனக் கூட்டிட்டு வரப்போறது, படம் வரையுறது, எல்லாம் சொல்லியாச்சுண்ணே!”

“கத்தாதடா,” என்றார் அண்ணன், மிக மெதுவாக. “ரஷ்யா போற லிஸ்ட்டுல எம் பேரு மட்டும் நிக்கிது. ஊருல இருந்து போன ரிப்போர்ட் சரியில்லையாம். வேற யாருக்கும் தெரிய வேணாம். அப்பாட்டச் சொல்லாத.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாத்திரை வாங்க வந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர், சைக்கிளை நிறுத்தி நின்ற இரண்டு பேர் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக் கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துத் தன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

வந்தவர் பெண்ணின் மாமா இல்லை, அரசாங்கம் ரகசியமாக விசாரிக்க அனுப்பிய ஆள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு ஆள் அனுப்புகிறவர்களும் அரசாங்கமும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாக இருப்பார்கள் என்று நான் படித்த கதைகள் எதிலும் இல்லை. இரண்டு பேரும் வீடுதான் கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்கு நற்சான்று என்று நாங்கள் கொடுத்ததெல்லாம் அங்கே போய் வேறு எடை போட்டிருக்கிறது. அதிலும் எனக்குப் புரியாதது ஒன்று: நட்பு நாடு என்கிறார்கள், அதோடு நட்பாக இருக்கிறான் என்றால் கூடாது என்கிறார்கள்.

சரி, படித்தவன் போய்ப் பேசிச் சரி செய்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். தெரிந்த ஏட்டு ஒருவரைப் பிடித்து, நகரத்துக்குள் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த உளவுப் பிரிவு அதிகாரியைப் பார்த்தேன். வாசலில் பலகைகூட இல்லாத ஆபீஸ். அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி காட்டினார். முழுக்கக் கேட்டார்.

“அப்படி ஒரு விசாரணையே நடக்கல தம்பி,” என்றார்.

“சார், எங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்தாரு.”

“வீடு கேட்டு வந்திருப்பாரு.”

“எங்க வீட்டுல சாப்பிட்டாரு சார். கோழிக் குழம்பு.”

“சாப்பிட்டாருன்னா சத்தியமா அவரு எங்காளு இல்ல. எங்காளுங்க விசாரணைக்குப் போற எடத்துல பச்சத் தண்ணி குடிக்க மாட்டாங்க.”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து மேஜையில் ஒரு ஃபைல் கட்டை வைத்தார். வெள்ளைச் சட்டை, விபூதி. என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. நான் அவர் இலையில் மோர் ஊற்றியவன். அவர் அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார். நான் அதிகாரியைப் பார்த்தேன். அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

கீழே சைக்கிள் எடுக்கப் போனபோது அவர் அங்கே நின்றிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, நான் மோசமா ஒரு வார்த்தகூட எழுதலப்பா. ஒங்க பெரியப்பா சொன்னத அப்படியே எழுதுனேன்.”

“அதான்ணே மோசம்.”

“மேல போனப்பறந்தான் எனக்கும் தெரிஞ்சுச்சு. என்ன செய்யச் சொல்ற?”

“அவரு சொன்னது அம்புட்டும் பொய்ண்ணே. பொண்ணு வீட்டுக்காரருன்னு நெனச்சுப் பெருமைக்குச் சொல்லிட்டாரு. நீங்க மாத்தி எழுதிக் குடுங்கண்ணே.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “விசாரணையே நடக்கலன்னு ஐயா சொல்லிட்டாருல்ல? நடக்காததுக்கு எப்படி மறுபடி எழுதுறது? பெத்த அப்பன் சொன்னது பொய்யின்னு எழுதுனா, அப்பன் ஏன் பொய் சொன்னான்னு இன்னொரு கேள்வி வரும். விடு தம்பி.” இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். “ஒங்க பெரியம்மா கைக்கு அப்படி ஒரு ருசி. நல்லா இருக்காங்களா?”

நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

என் கையில் மிச்சம் இருந்தது தெரு ஒன்றுதான். இனி யார் வந்து கேட்டாலும் அண்ணனைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, மருந்துக் கடையில் நான் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. பெரியப்பா ஒருவருக்குத்தான் விஷயம் போய்ச் சேரவில்லை. அவரிடம் மட்டும், கல்யாணப் பேச்சு என்றால் பெருமை பேசாமல் கொஞ்சம் அடக்கி வாசிப்பதுதான் இப்போது நாகரிகம் என்று புளுகி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஏற்பாடுகளில் அது ஒன்றுதான் நூற்றுக்கு நூறு பலித்தது.

பலித்தது, ஏனென்றால் அடுத்த மாதமே எழுமலையிலிருந்து ஒருவர் கறவை மாடு கேட்டு வந்தார். நிஜமான பெண்ணின் நிஜமான தாய்மாமன். டீக்கடைக்காரர், “அப்படி ஒரு பையனையே நாங்க பாத்ததில்லைங்க,” என்றார். மருந்துக் கடைக்காரர் தனக்குத் தமிழ் வராது என்றாராம். பெரியப்பா, “எம் மகன் என்ன வேல பாக்குறான்னு எனக்கே சரியாத் தெரியாதுங்க,” என்று அடக்கி வாசித்தார். வந்த மனுசன் அதற்கு மேல் மாடும் கேட்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. அடுத்த டவுன் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்.

பங்குனியில் ரஷ்யாவுக்குப் போக வேண்டியவர்கள் போய்விட்டார்கள். அண்ணன் போகவில்லை. அவரை எஞ்சின் பிரிவிலிருந்து எடுத்து, ஆபீஸ் மின்விசிறியும் கேன்டீன் கிரைண்டரும் பழுது பார்க்கிற இடத்தில் போட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் வழியில்லை. சித்திரையில் லீவு போட்டு ஊருக்கு வந்தார்.

வந்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வைகைப் பாலம் வரை நடந்தோம். அப்போதுதான் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், சேவலையும் விடவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“எங்கிட்ட மறைக்கிறதே இல்லைன்னு சொன்னாரா அப்பா?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே.”

“நான் அவருகிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையேடா. ஒரு நட்டப் பத்திக்கூடச் சொன்னதில்ல. சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். லீவுக்கு வாரப்பல்லாம் அவரு கேப்பாரு. நான் சும்மா மெசினு வேலதாம்ப்பான்னு சொல்லிட்டு எந்திருச்சுப் போயிருவேன்.” ஆற்றில் தண்ணீர் இல்லை. யாரோ மணலில் எருமையை ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “மகன் ஒண்ணுமே சொல்றதில்லைன்னு வெளியாளுகிட்டச் சொல்ல அவருக்கு ஒரு மாதிரியா இருந்திருக்கும்.”

“நீ ஒண்ணும் சொன்னதில்லைன்னு ஒங்க பெரிய ஆபீசர்ட்ட எடுத்துச் சொல்லலாம்ல?”

“சொன்னா, அடுத்து அப்பாவ யாரு யாரு கூப்புட்டு விசாரிப்பாய்ங்க தெரியுமா?”

திரும்பி நடந்தோம்.

வீட்டில் பெரியப்பா சாப்பிடாமல் காத்திருந்தார். இலையில் உட்கார்ந்ததும் கேட்டார். “ரஷ்யாவுக்கு அனுப்புறேன்னாய்ங்களாம். மருந்துக் கடையில என்னென்னமோ சொல்றாய்ங்க. ஏம்ப்பா போகல?”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “நெஞ்சுல சளிக் கட்டு இருக்காம்ப்பா. அந்த ஊருக் குளிரு எனக்கு ஆகாதுன்னு டாக்டரு நிறுத்திட்டாரு.”

பெரியப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் தெருவில் எல்லாரிடமும் தானே போய்ச் சொன்னார்: ரஷ்யாக்காரன் வந்தே ஆகணும்னு நின்னான், டாக்டருதான் விடலை, உடம்பு முக்கியமில்லையா. தெருவும் தலையாட்டியது. ஆனால் மகனுக்கு நெஞ்சில் சளி என்பதை அவர் தெருவுக்காகச் சொல்லவில்லை, அப்படியே நம்பிவிட்டார். அந்த லீவு முழுக்க அண்ணனுக்குத் தயிர் கிடையாது, மண்பானைத் தண்ணீர் கிடையாது. கீரையில்கூடத் தூதுவளை மட்டும்தான். மொட்டை மாடியில் படுக்கக் கூடாது என்று சொல்லி, காற்று வராத உள்ளறையில் பாய் போட்டார்கள்.

ஒரு நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பிக் கீழே வந்தேன். எட்டு மணிக்கே தார் ரோடு இளகும் சித்திரை. கொல்லையில் பெரியப்பா காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைத் திணித்து வெந்நீர் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் இடுப்பில் துண்டோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா ஆவி பறக்க மொண்டு அவர் முதுகில் ஊற்றினார். அண்ணனின் தோள் சிவந்து போயிருந்தது.

“சூடு போதுமாப்பா?” என்றார் பெரியப்பா.

“இன்னுங் கொஞ்சம் இருந்தாலும் தாங்கும்ப்பா,” என்றார் அண்ணன்.